கொடிமரமும் அக்காவின் கையும்

எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குக் கொடியேற்றம் பார்க்க வருகிறவர்கள் கொடிமரத்தை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். செப்புத் தகடு போர்த்திய மரம், உச்சியில் கருவறையைப் பார்த்த மூன்று பலகை, பலகையில் சின்னச் சின்ன மணிகள். நூல் பிடித்த மாதிரி நிற்கிறது என்று புகழ்கிறார்கள். நூல் பிடித்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. என் அக்காதான் பிடித்தாள், படுத்த படுக்கையாகக் கிடந்துகொண்டு. அதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டிப் போகும் தெரு எங்களுடையது. தெருவில் பாதி ஆண்களுக்குக் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. என் வீட்டுக்காரர் அதில் ஒரு கூட்டத்துக்குத் தண்டேல். கனமான பொருளைக் கயிறு போட்டுத் தூக்கி இறக்குகிற ஆட்களுக்குத் தலைவனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இளவயதில் பாய்மரத் தோணியில் போனவர். கடலிலும் கரையிலும் தனக்குத் தெரியாத முடிச்சு கிடையாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான். ஆனால் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த ஆளோடு ஒரு வீட்டில் குடியிருக்க முடியுமா?

அக்கா எங்களோடு இருந்தாள். சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டான். துறைமுகக் கிடங்கில் சிந்திய தானியத்தைப் பெருக்கிச் சலிக்கிற வேலை பார்த்தாள். ஒருநாள் மூட்டை அடுக்கு சரிந்து முதுகில் விழுந்தது. அதோடு இடுப்புக்குக் கீழே செத்துப்போயிற்று. நாலு பேர் அவளைச் சாக்கில் போட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்து வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அக்கா அழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆன பிறகு ஒன்றுதான் சொன்னாள். இனிமேல் என்னை எவனும் மூட்டை மாதிரித் தூக்கக் கூடாது என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு உலகம் என்றால் வாசற்படியை ஒட்டிப் போட்ட கயிற்றுக் கட்டில்தான். அங்கே படுத்தபடி பார்த்தால் நீட்டுக்குத் தெரு தெரியும். தெரு முடிகிற இடத்தில் கோயிலின் பக்கவாட்டுச் சுவர் தெரியும்.

கைவண்டியில் மெத்தை போட்டுக் கோயிலுக்கு அழைத்துப்போகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். கோபித்துக்கொண்டும் பார்த்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

"நான் போவ மாட்டேன்டி. அவளுக்கு என்னப் பாக்கணும்னு இருந்தா அவ வரட்டும்" என்பாள்.

அம்மன் வருவதற்கு வழியில்லாமல் இருந்தது. எங்கள் கோயிலில் அப்போது கொடிமரம் கிடையாது. கொடிமரம் இல்லாத கோயிலில் கொடியேற்றம் இல்லை. கொடியேறாமல் பெரிய திருவிழா இல்லை. திருவிழா இல்லாத அம்மன் பல்லக்கில் ஏறித் தெருத்தெருவாக வர மாட்டாள். ஆடி மாசத்தில் கோயிலுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போய்விடுவாள். எங்கள் வாசல்வரைக்கும் அவளுக்குக் காலே கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் கோயிலைப் புதுப்பிக்கிறார்கள், கோபுரம் வருகிறது, கொடிமரமும் வருகிறது என்று பேச்சு கிளம்பியபோது தெருவில் யாருக்கும் இல்லாத அவசரம் எனக்கு வந்தது. தெற்கே இருந்து ஸ்தபதி ஒருவர் வந்து இறங்கினார். என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். சிடுசிடுப்பு இல்லாத மனுஷர், ஆனால் அவர் அளவில் ஒரு விரற்கடை பிசகினால் மட்டும் முகம் மாறிவிடும். வேலை ஆட்களுக்கு மோர் கரைத்துக் கொண்டுபோகிற பொறுப்பை நானாக இழுத்துப்போட்டுக்கொண்டேன். மோருக்குப் பதிலாகத் தினமும் ஒரு சேதி வாங்கி வந்து அக்காவிடம் கொட்டுவேன்.

அப்படி ஒருநாள் வாங்கி வந்த சேதிதான் எல்லாவற்றையும் மாற்றியது. கோயில் என்பது மல்லாந்து படுத்திருக்கிற ஒரு மனித உடம்பு என்றார் ஸ்தபதி. கருவறைதான் தலை. முன்னால் இருக்கிற சின்ன மண்டபம் கழுத்து, பெரிய மண்டபம் மார்பு, சுற்றி இருக்கிற பிராகாரம் வயிறும் தொடையும், வாசல் கோபுரம் பாதம். அதனால்தான் கோபுரத்தைத் தூரத்தில் கண்டதும் கும்பிடுகிறோம், முதலில் காலைத் தொட்டுவிட்டுத்தானே உள்ளே போகிறோம் என்றார். கொடிமரம் என்ன என்று கேட்டேன். முதுகுத்தண்டு என்றார். படுத்திருக்கிற உடம்புக்கு முதுகு மட்டும் எப்படி ஐயா எழுந்து நிற்கும் என்று நான் மடக்கினேன். அவர் சிரித்துவிட்டார்.

"படுத்திருக்கிறது உடம்பு அம்மா. நிமிர்ந்து நிக்கிறது உயிர். கொடி அதுல ஏறுறது மூச்சு மேலே ஏறுற மாதிரி" என்றார்.

இதை வந்து அக்காவிடம் சொன்னேன். கோயில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"அப்போ அவளும் என்ன மாதிரி மல்லாக்கப் படுத்துனுதான் கீறா. இத்தினி நாளா எனக்குத் தெரியாமப் போச்சேடி."

அன்றிலிருந்து அம்மனைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுவரை திட்டாத நாள் கிடையாது. இப்போது ஒரே வியாதிக்காரர்கள் இரண்டு பேர் ஒரே வார்டில் கிடக்கிற மாதிரி ஒரு கரிசனம் வந்துவிட்டது. காலையில் கண் விழித்ததும் சுவரைப் பார்த்து, இன்னாம்மா தூங்கினியா என்று கேட்பாள். அம்மனுக்கு முதுகு எப்போது வருகிறது என்று என்னைக் கேட்டுக்கேட்டுப் பேஜார் பண்ணினாள். முதுகு வந்தால் எழுவாள், எழுந்தால் வருவாள். அக்காவின் கணக்கு அவ்வளவுதான். எனக்கும் அதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லாமல் போயிற்று.

மரம் வந்து சேர்ந்தது. பர்மாத் தேக்கு, ஒரே மரம், முடிச்சோ வெடிப்போ இல்லாமல் வழவழவென்று. அதை நிறுத்துவதற்கு வெளியே இருந்து இயந்திரம் வைத்திருக்கிற ஆட்களைக் கொண்டுவரலாம் என்று கோயில் கமிட்டியில் பேசினார்கள். மோர்ச் செம்போடு நின்றிருந்த எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கப்பல் வயிற்றிலிருந்து ரயில் எஞ்சினையே இறக்கி வைக்கிற கூட்டம் தெருவில் இருக்கும்போது ஒரு மரத்தை நட்டுவைக்க வெளியாளா என்று சத்தம் போட்டேன். என் வீட்டுக்காரர் நிறுத்துவார், நானாச்சு என்று எல்லார் முன்னாலும் வாய் விட்டுவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் காதுக்குப் போனதும் அவர் திட்டவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

கொடிமரப் பிரதிஷ்டைக்குக் குறித்திருந்த முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மரத்தைத் தூக்கினார்கள். வண்ணாரப்பேட்டையில் கயிறு மண்டி வைத்திருந்த பாய் ஒருவர், துறைமுகப் பழக்கத்தில் தெரிந்தவர், கப்பல் கயிறாகவே பார்த்து எடுத்துக் கொடுத்து அனுப்பினார். நாலு பக்கமும் தாங்கு கயிறு கட்டி ஆட்களை நிறுத்தினார் என் வீட்டுக்காரர். தெருப் பெண்கள் நாங்களும் புடவையை வரிந்துகட்டிக்கொண்டு ஒரு கயிற்றைப் பிடித்தோம். துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலின் உள்ளே என்ன நடக்கிறது என்று கயிறு இழுக்கிறவனுக்குத் தெரியாது. பார்க்கிற இடத்தில் ஒரு ஆள் நின்று கையால் சாடை காட்டுவான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் இறக்கு. எந்தப் பக்கம் கையை வீசுகிறானோ அந்தப் பக்கம் நகர்த்து. முஷ்டியை மடக்கினால் நிறுத்து. அந்தக் கைக்கு மறுபேச்சு கிடையாது, தண்டேலே ஆனாலும். அன்றைக்குத் தண்டேலே கை காட்டினார். மரம் தரையை விட்டுக் கிளம்பி, யோசித்து யோசித்து எழுந்து, குழிக்குள் காலை வைத்து நின்றது. தெருவே குலவை போட்டது.

ஸ்தபதி கருவறைப் படியில் நின்று பார்த்தார். அம்மனுக்கு நேர்கோட்டில், இடமும் வலமும் பிசகாமல் மரம் இருந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். பக்கவாட்டிலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கப் போனார். மதியக் கடல்காற்று வந்துவிட்டதால் நூல் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. காற்று அடங்கட்டும், அதுவரை ஆப்பு அடித்து நிமிர்த்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டு யாகசாலை வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் ஆப்பு அடித்தார். தோணியில் பாய்மரத்துக்கு எப்படி அடிப்பாரோ அப்படி அடித்தார். எங்கள் பக்கத்துத் தோணியில் பாய்மரம் நட்டுக்குத்தலாக நிற்காது. முன்பக்கம் பார்த்து லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுதான் நேர். கோயிலுக்கு முன்பக்கம் எது? கருவறைதான் என்று வைத்துக்கொண்டார். மரம் அம்மனைப் பார்த்து ஒரு சிறு சாய்வு சாய்ந்தது. கூட இருந்தவர்கள் எல்லோரும் கடலில் போய்வந்தவர்கள், அதனால் எல்லோர் கண்ணுக்கும் அது அம்சமாகவே இருந்தது. காற்று அடங்குகிறவரை எதற்குக் காத்திருப்பது என்று சிமெண்டுக் கலவை குழைக்கவும் ஆரம்பித்தார்கள். கலவை இறுகிவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்தபதி சாய்ந்த மரத்தில் கொடியேற விட மாட்டார், முகூர்த்தமும் நிற்காது.

நான் வீட்டுக்கு ஓடி வந்தேன், பெருமையை அக்காவிடம் அளக்கத்தான். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. வாசல்நிலையின் மேல்சட்டத்திலிருந்து ஒரு நூலைத் தொங்கவிடச் சொன்னாள். நூல் நுனியில் எங்கள் வீட்டுப் பித்தளைப் பூட்டைக் கட்டச் சொன்னாள். வீட்டுக்குள் காற்று இல்லை. பூட்டு ஆடி அடங்கியது. அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையும், தெருக்கோடியில் சுவருக்கு மேலே தெரிந்த மரத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். எங்கள் வீடு கோயிலுக்குப் பக்கவாட்டில் இருந்ததால் அந்தச் சாய்வு வேறு எங்கிருந்தும் தெரிவதைவிட அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. நானும் குனிந்து பார்த்தேன். மரத்தின் நுனி நூலை விட்டு விலகி நின்றது.

திரும்ப ஓடினேன். கலவையை நிறுத்தச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். படுத்துக்கிடக்கிறவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு எனக்குப் பாய்மரம் கற்றுக்கொடுக்க வந்துவிட்டாயா என்றார். நான் விடவில்லை. கலவைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன், என்னைத் தாண்டிக் கொட்டு பார்ப்போம் என்று. ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லாமல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார், சண்டைக்குத்தான். நான் பின்னாலேயே போனேன்.

வாசலில் நின்றபடியே, பாய்மரம் அப்படித்தான் நிற்க வேண்டும் என்றார். சாமியைப் பார்த்துக் கொஞ்சம் தலை குனிந்து நின்றால் என்ன தப்பு என்றும் கேட்டார். அது நல்ல கேள்விதான்.

அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அது தலை இல்ல நைனா, முதுவு. முதுவு கோணிச்சின்னா அப்பால எயுந்துக்க முடியாது. என்னக் கேளு, நான் சொல்றேன்."

அவர் மெதுவாகக் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டார். தன் தலையை அக்காவின் தலைக்குப் பக்கத்தில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, நூலையும் மரத்தையும் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அக்கா, நீ கை காட்டு. நான் கயிறு புடிக்கிறேன்" என்றார்.

அந்த வார்த்தைக்காக அந்த ஆளுக்கு நான் ஆயுசுக்கும் சோறு போடலாம் என்று தோன்றியது. துறைமுகத்தில் பார்க்கிறவன் கைதான் பெரிய கை. அதை அவர் என் அக்காவுக்குக் கொடுத்தார். கிடங்கு வாசலில் பல வருஷம் நின்றவள், சாடை எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

தெருப்பக்கத்துச் சுவரில் கட்டி முடிக்காத ஒரு திறப்பு இருந்தது. நான் அங்கே போய் நின்றுகொண்டேன். எனக்கு ஒரு பக்கம் வாசற்படியில் அக்காவின் கை, மறுபக்கம் கயிற்றோடு ஆட்கள். ஆப்பைத் தளர்த்தினார்கள். அக்காவின் கை வாசலுக்கு வெளியே நீண்டது. கருவறைக்கு எதிர்ப்புறமாக, கடல் பக்கம் வீசியது. நானும் வீசினேன். கயிறு முறுகியது. மரம் முனகியது. இன்னும் என்றது கை. இழுத்தார்கள். கொஞ்சம் அதிகமாகப் போயிற்று போல, கை கருவறைப் பக்கம் திரும்பி மெல்ல, மெல்ல என்று அசைந்தது. தெருவில் வேலை முடிந்து வந்தவர்கள், குடத்தோடு வந்த பெண்கள் எல்லாரும் சுவரோரம் ஒதுங்கி அந்தக் கையை மறைக்காமல் வழி விட்டார்கள். பிறகு கை மடங்கி முஷ்டியாயிற்று. நானும் முஷ்டியை உயர்த்தினேன். ஆப்பு இறங்கியது.

சாயங்காலம் காற்று அடங்கியதும் ஸ்தபதி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். நூல் மரத்தோடு மரமாக நின்றது. நடந்ததைச் சொன்னோம். அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார், அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார், அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் கலவை கொட்டினார்கள். மறுநாள் முகூர்த்தம் தவறவில்லை.

தகடு போர்த்தி, பலகையும் மணியும் ஏற்றி, முதல் கொடி ஏறிய வருஷம் எங்கள் தெரு போட்ட ஆட்டத்தை எழுத எனக்குத் தெம்பு போதாது. பந்தல், தோரணம், வாசலுக்கு வாசல் கோலம். சந்தோஷத்தில் நான் யாரோடும் சண்டை போடவில்லை, அதுவே பெரிய அதிசயம் என்று பேசிக்கொண்டார்கள். காலையில் மேளம் கேட்டது. அம்மன் கோபுர வாசலைத் தாண்டி, முதல்முறையாக எங்கள் தெருவுக்குள் திரும்பினாள். என் வீட்டுக்காரரின் ஆட்கள்தான் பல்லக்குக்குத் தோள் கொடுத்தார்கள்.

பல்லக்கு எங்கள் வாசலில் நின்றது. நான் சூடத்தட்டோடு ஓடி வந்தேன். அப்போதுதான் கவனித்தேன், பல்லக்கு தோள் உயரத்தில் இருக்கிறது, அக்கா கட்டில் உயரத்தில் கிடக்கிறாள். அவளுக்கு ஆட்களின் முழங்காலும் பல்லக்கின் அடிப்பலகையும்தான் தெரிந்திருக்கும். என்ன செய்வதென்று எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியது. கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே அமுக்கினாள்.

பூசாரி பதறினார். நடுவழியில் இறக்கக் கூடாது என்று என்னவோ சொன்னார். ஆட்கள் அவரைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பார்த்தார்கள். தரையில் படாமல், முழங்கால் உயரத்துக்கு, ஒரு குலுக்கல் இல்லாமல் அம்மனை இறக்கிப் பிடித்தார்கள். அக்காவும் அம்மனும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கும்பிடவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, அம்மனையும் தோள்மரம் பிடித்திருந்த ஆட்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"உன்னியும் தூக்கினுதான் வராங்களா?" என்று அம்மனைக் கேட்டாள்.

பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பினாள். "நாளைக்கு என்னியும் தூக்கினு போ நைனா. மூட்டை மாதிரி இல்ல. தோ, இவள மாதிரி."

சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினாள். அம்மன் எழுந்து தெருவில் போனாள்.

மறுநாள் காலையில் கட்டிலின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டினார்கள். அதே ஆட்கள், அதே தோள்கள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. அக்கா புதுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டிருந்தாள். தூக்கு என்று அவள்தான் விரலைக் காட்டினாள். அவ்வளவு உயரத்தில் அவளைப் பார்த்ததும் நான் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். கோபுரத்தைத் தாண்டி உள்ளே போய்க் கொடிமரத்தடியில் நிறுத்தினார்கள். நாங்கள் எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். மல்லாந்து கிடந்த அக்காவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அடியிலிருந்து நுனி மணி வரைக்கும் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள்.

"நேராத்தான்டி கீது" என்றாள்.